ஒன்பது மணி நேரம் சும்மா நின்ற பஸ்

சும்மா நிற்கும் பஸ்ஸைப் பார்த்தால் அந்த நாட்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார். கண்டக்டர் யாரோடோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கைக்கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருப்பேன். பிறகு அப்படிக் கோபப்படுவதற்கே எனக்குச் சம்பளம் கொடுக்க ஒரு கம்பெனி கிடைத்தது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால் வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் காபி கொடுத்து உட்காரவைத்த காலம். நான் விருதுநகரிலிருந்து வந்து சைனிக்புரியில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். பெரியப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று அங்கே வீடு கட்டியவர். அந்த வீட்டில் நான் தமிழில் கேட்பேன், தங்கைகள் இருவரும் தெலுங்கில் பதில் சொல்வார்கள், பெரியம்மா இரண்டிலும் சேர்த்துத் திட்டுவாள். தினமும் காலையில் செகந்திராபாத் வரை ஒரு பஸ், அங்கிருந்து அமீர்பேட்டைக்கு இன்னொன்று. அதனால் பஸ்ஸைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

பெரிய கம்பெனிகள் ஊரின் மறுபக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் இருந்தன. எங்களுடையது ஒரு மிட்டாய்க் கடையின் மேல் மாடி. மொத்தம் பன்னிரண்டு பேர். நெய் வாசனையில் உட்கார்ந்து நிரல் எழுதுவோம். பட்டான்செருவைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் இருந்த பஸ் டெப்போவுக்கு ஒரு மென்பொருள் செய்து தரும் வேலை எங்களுக்கு வந்தது. சுற்றியிருக்கும் கிராமங்களுக்கும் சின்ன ஊர்களுக்கும் பஸ் வசதியை எப்படி மேம்படுத்தலாம், எந்த பஸ் எப்போது எங்கே போக வேண்டும் என்று அது கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை டெப்போவில் ஒரு குமாஸ்தா பெரிய பழுப்புத் தாளில் பென்சிலும் ரப்பருமாக அதைச் செய்துகொண்டிருந்தார்.

என்னோடு இந்த வேலையில் இருந்தவன் செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழன். என் வயதுதான், ஆபீஸில் எல்லாருக்கும் அவன் 'ரயில்வேக்காரன்'. அவனுடைய தமிழில் பாதி தெலுங்கு, மீதியில் பாதி உருது. 'வேண்டாம்' என்ற சொல்லை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை, எல்லாம் 'நக்கோ'தான். தெலுங்கில் பேச வேண்டிய இடமெல்லாம் அவன் பொறுப்பு, சண்டை போட வேண்டிய இடமெல்லாம் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டிருந்தோம்.

மென்பொருளில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் திரையில் ஒரு கோடு வரும். ஓடுகிற நேரம் பச்சை. டெப்போவுக்குள் நிற்கிற நேரம் சாம்பல். கழுவ, டீசல் போட, பழுது பார்க்க நேரம் வேண்டுமே. டெப்போவுக்கு வெளியே எங்கே நின்றாலும் சிவப்பு. நிறங்களைத் தேர்ந்தெடுத்தது நான்தான். சிவப்பு எங்கே நீளமாக இருக்கிறதோ அதைத் தேடிப் பிடித்துச் சுருக்க வேண்டும்.

முதல் முறை ஓடவிட்டபோது சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளாக வந்தன. ஒரே ஒரு கோட்டில் மட்டும் சிவப்பு முழு நீளத்துக்கு ஓடியது. மாலை ஏழு ஐம்பதுக்கு ஒரு கிராமத்தில் போய் நிற்கும் பஸ் மறுநாள் காலை நான்கு ஐம்பதுக்குத்தான் அங்கிருந்து நகர்ந்தது. ஒன்பது மணி நேரம். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"அது நைட் ஹால்ட், மேடம்" என்றார் குமாஸ்தா. கடைசி டிரிப்பாக ஊருக்குப் போகும் பஸ் அங்கேயே தங்கிவிடும், டிரைவரும் கண்டக்டரும் ஊரில் படுத்துக்கொள்வார்கள், விடிகாலையில் அதுவே முதல் டிரிப்பாகத் திரும்பும் என்று விளக்கினார். ஏன் அப்படி என்று கேட்டேன். "எப்பவும் அப்படித்தான்" என்றார். அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நான் செய்தது இதுதான். மாலை டிரிப்பை முன்னால் தள்ளி பஸ்ஸை இருட்டுவதற்குள் டெப்போவுக்குக் கொண்டுவந்தேன். விடிகாலையில் அதே பஸ்ஸை டெப்போ இருக்கும் அந்தச் சின்ன ஊரிலிருந்து நேராகச் செகந்திராபாத்துக்கு விட்டேன். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். கல்லூரிக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போகிற பிள்ளைகள் அதில் நிரம்பி வழிந்தார்கள். கிராமத்துக்கும் நான் துரோகம் செய்யவில்லை, டெப்போவிலிருந்து வேறொரு பஸ் ஆறு ஐம்பதுக்குப் போய்ச் சேரும்படி செய்தேன். ஏழு மணிக்கு எழுந்து குளித்து ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகிற எனக்கு ஆறு ஐம்பது என்பது விடிகாலைதான். நான்கு ஐம்பது பஸ்ஸில் போகும் இருபத்திரண்டு பேரும் அதில் போய்க்கொள்வார்கள் என்று நினைத்தேன். எங்கள் முதலாளி கீழே போய் ஒரு கிலோ பாதுஷா வாங்கி வந்தார். இரண்டு மாதம் சோதனை, பிறகு நிரந்தரம் என்று முடிவானது.

ஐந்து வாரம் கழித்து, பயணிகளின் கருத்தைக் கேட்டு எழுதிவர என்னை அனுப்பினார்கள். கூட வர வேண்டியவனுக்கு அன்று அக்கா மகளுக்குக் காதுகுத்து. என் அரைகுறைத் தெலுங்கோடு தனியாகப் போனேன். பட்டான்செருவில் மதியம் இரண்டரை மணிக்கு அந்தக் கிராமத்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சேலையில் மாத்திரை வாசனை. உட்கார்ந்த வேகத்தில் தூங்கிப்போனாள், இரண்டாவது திருப்பத்தில் அவள் தலை என் தோளில் விழுந்தது. என்னிடம் கேள்வித்தாள் இருந்தது. பஸ் வசதி முன்பைவிட மேம்பட்டிருக்கிறதா என்பது முதல் கேள்வி. அதைக் கேட்பதற்காக அவளை எழுப்பினேன். இன்று நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு, "பஸ் ஆபீஸா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப வாங்க, ஒண்ணு காட்டணும்" என்றாள். அவள் பேசியது தெலுங்கு. எனக்குப் புரிந்ததை என் தமிழில் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு அடுத்தாற்போல் ஓர் அறை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசனை இன்னும் போகவில்லை. கூரையில் ஒரு மின்விசிறி, இறக்கைகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இரண்டு கயிற்றுக் கட்டில், இரண்டு புதுக் கொசுவலை, மூடி போட்ட குடிநீர்ப் பானை. யாருக்கு என்று கேட்டேன்.

"டிரைவர் அண்ணாவுக்கும் கண்டக்டர் அண்ணாவுக்கும்" என்றாள்.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். இருபது வருடமாகப் பஸ் அவர்கள் ஊரில் தங்கியது. தங்குகிறவர்களுக்குச் சாப்பாடு ஊர்முறை, பதினேழு வீடுகள் ஆளுக்கொரு நாள். அறைச் சுவரில் எந்த நாள் எந்த வீடு என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். திடீரென்று ஒருநாள் பஸ் தங்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கொசு கடித்திருக்குமோ என்று வலை வாங்கினார்கள். புழுக்கமாக இருந்திருக்குமோ என்று விசிறி மாட்டினார்கள். சுவர் அழுக்காக இருந்ததே என்று சுண்ணாம்பு அடித்தார்கள். "ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்க. இப்ப நல்லா இருக்குன்னு சொல்லுங்க" என்று ஒருவர் என்னிடம் கைகூப்பினார்.

கொசுவும் இல்லை, புழுக்கமும் இல்லை, திரையில் ஒரு சிவப்புக் கோடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"எல்லாம் இவ வாயால வந்தது" என்றார் ஒரு பெரியவர், என்னை அழைத்துவந்தவளைக் காட்டி. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும் பஸ்ஸுக்காக நின்றபோது அவளே சொன்னாள். பட்டான்செருவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பெட்டியில் அடுக்கும் வேலை. காலை ஆறு மணி ஷிஃப்ட். ஆறு அடித்தால் கேட்டை மூடிவிடுவார்கள். நான்கு ஐம்பது பஸ் இருந்தவரை கவலை இல்லை. ஒருநாள் அந்த டிரைவர் இரண்டு நிமிடம் முன்னாலேயே பஸ்ஸை எடுத்துவிட்டார், இவள் ஓடிவந்தும் பிடிக்க முடியவில்லை, அன்றைய வேலை போயிற்று. மறுவாரம் இவள் வீட்டு முறை. தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, "முதல்ல ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து வண்டி எடுக்கக் கத்துக்கோங்க, அப்புறம் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பஸ் தங்கவில்லை.

"சாப்பாட்டுத் தட்டு முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். "நான் வாயாடிதான் மேடம். ஆனா ஊரே நடக்கிற மாதிரி ஆகும்னு நினைக்கல."

இப்போது மூன்றே முக்காலுக்கு எழுந்து இன்னும் இரண்டு பெண்களோடு மெயின் ரோடு வரை ஐந்து கிலோமீட்டர் நடக்கிறாள். அங்கே ஷேர் ஆட்டோ கிடைத்தால் உண்டு. இரண்டு முறை கேட் மூடிய பிறகு போயிருக்கிறாள். மூன்றாவது முறை நேர்ந்தால் வரவேண்டாம் என்று ஆள் பிடித்துவிடும் கான்ட்ராக்டர் சொல்லிவிட்டான். கூட நடக்கும் இரண்டு பெண்களும் வழிநெடுக இவளோடு பேசுவதில்லை.

"நான் டெப்போவுக்குப் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டா வருவாங்களா?" என்று கேட்டாள்.

"கேட்டா தப்பில்லையே" என்றேன் நான். நான் என்ன சொல்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னேன். அதற்குள் பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் சொல்லி அழுதேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இதுக்கு ஏன் அழற? பஸ்ஸைத் திரும்ப விடு. பிரச்சினை முடிஞ்சது. அங்க போய் ஊர் முன்னாடி நின்னு நான்தான் பண்ணேன்னு சொல்லணும்னு என்ன இருக்கு? நாளைக்கு உன் வேலைக்கு வேட்டு வெச்சா?" என்றாள். எனக்கு வேண்டியிருந்த பதில் அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலையிலேயே டெப்போவுக்குப் போய்க் குமாஸ்தாவின் எதிரில் உட்கார்ந்தேன். சின்ன ஊருக்குக் கிடைத்த விடிகாலை பஸ்ஸைப் பிடுங்கிக் கிராமத்துக்குக் கொடுத்தால் இன்னொரு கூட்டம் சண்டைக்கு வரும். மூன்று நாள் அவருடைய பழுப்புத் தாளையும் என் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறொரு பஸ்ஸைத் தேடினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடிய ஒன்று கிடைத்தது. பயணிகள் ஏறி இறங்கும் ஊரில் பஸ் இரவு தங்கினால் அதற்கு நீலம் என்று மென்பொருளில் ஒரு புது நிறம் சேர்த்தேன். அறிக்கையில் 'கள நிலைமைக்கேற்ற திருத்தம்' என்று எழுதினேன். யார் செய்த தவறு என்று அதில் எங்கும் இல்லை. முதலாளி படித்துவிட்டு, இதை இன்னொரு வசதியாகவே மற்ற டெப்போக்களுக்கு விற்கலாம் என்றார். பத்து நாளில் நைட் ஹால்ட் திரும்பி வந்தது. அவள் வேலை போவதற்குள் பஸ் வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில்வேக்காரனையும் இழுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை. நன்றி வாங்கிக்கொள்ளப் போனேன் என்பதுதான் உண்மை. "கைக்கு சண்டேல இந்த டார்ச்சர்?" என்று வழியெல்லாம் புலம்பினான். 'ஏன்' என்பதும் அவனுக்கு உருதுவில் 'கைக்கு'தான். ஊரில் தங்கிப் புறப்படும் அதே பழைய டிரைவரே முற்பகலில் இன்னொரு டிரிப் வருவார், அவர் ஓட்டிய பஸ்ஸில்தான் போனோம். ஊரில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பும்.

அறை திறந்திருந்தது. விசிறியின் உறையைப் பிரித்திருந்தார்கள். வெள்ளைச் சுவரில் புதிதாகச் சாக்பீஸில் முறைப்பட்டியல். தெலுங்கு எழுத்தை நான் பஸ் பலகைகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன், மெதுவாக எழுத்துக்கூட்டுவேன். ஒவ்வொரு வீடாகப் படித்தேன். பதினாறு வீடுகள்தான் இருந்தன. அவள் வீட்டை முற்றத்தில் நிற்கும் மரத்தை வைத்து வேப்பமர வீடு என்பார்கள். அது இல்லை.

விஷயத்தைப் பக்கத்தில் நின்றவரே சொன்னார். அவள் டெப்போவுக்குப் போய் டிரைவரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள், பத்தே நாளில் பஸ் வந்துவிட்டது, அப்படியென்றால் அவள் பேசியதுதான் காரணம் என்று ஆயிற்றே, இனிமேல் அவள் வீட்டுச் சாப்பாடு வேண்டாம் என்று ஊரில் முடிவு செய்துவிட்டோம் என்றார். அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிரூபணமாகிவிட்ட ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னார்.

அதுவரை பாதிப்பேர் அவளைச் சந்தேகப்பட்டார்கள். நான் பஸ்ஸை வாய் திறக்காமல் திருப்பிவிட்டு, மீதிப்பேரையும் நம்பவைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கப் போகச் சொன்னதும் நான்தான்.

அவள் சற்றுத் தள்ளி, குடத்தோடு குழாயடியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பஸ் வந்துடுச்சு மேடம், வேலையும் போகல" என்றாள். பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தார். பத்து நிமிடம் முடிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு பஸ்ஸை நிற்கச் சொன்னேன். "கொஞ்சம் இருங்க அண்ணா" என்று கத்திவிட்டு, பஸ்ஸின் படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டேன். ஏறுவதற்குக் காத்திருந்தவர்கள், இறங்கியவர்கள், குழாயடிப் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பஸ்ஸை நிறுத்துனது நான்" என்றேன் என் தெலுங்கில். "இந்த அக்கா இல்ல. கம்ப்யூட்டர்ல நான் தப்பா எழுதினேன். பஸ் இங்க சும்மா நிக்குதுன்னு நினைச்சேன். அதைத் திரும்ப விட்டதும் அந்தக் கம்ப்யூட்டர்தான். இவங்க மன்னிப்புக் கேட்டதால இல்ல." என் இலக்கணத்துக்குச் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

யாரும் நம்பவில்லை. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "கம்ப்யூட்டருக்கு எங்க ஊரு எப்படித் தெரியும்?" என்றார் ஒருவர். "நல்ல பொண்ணு. பாவம், அவளுக்காகப் பொய் சொல்லுது" என்றாள் ஒரு பெண். பெரியவர் என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார். உண்மையைச் சொல்லி நான் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரயில்வேக்காரன் அதுவரை ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எழுந்து டிரைவரிடம் போனான். "அண்ணா, நீங்க சொல்லுங்க. இவங்க பேசுனதுக்காகவா நீங்க வராம இருந்தீங்க?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "நான் யாரு வர்றதுக்கும் வராததுக்கும்? டியூட்டி சார்ட்ல ஊர் பேரு இருந்தா வருவேன், இல்லன்னா வரமாட்டேன். என்கிட்ட யாராவது வந்து கேட்டீங்களா?" என்றார். பிறகு, "இவ என்ன பேசுனா?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பெரியவர் தயங்கித் தயங்கி அந்த வாக்கியத்தைச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்து வண்டி எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு சாப்பிடுங்கள்.

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "சொன்னாளா? சாப்பாட்டுல இருந்திருப்பேன். ஞாபகம் இல்ல."

"டெப்போவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாங்களே?" என்றான் ரயில்வேக்காரன்.

"ஆமா, ஒருநாள் வந்தா. வண்டி எடுக்கிற நேரம். கும்பிட்டு ஏதோ சொன்னா. சரி சரின்னு சொல்லிட்டு எடுத்துட்டேன்."

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. டிரைவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டரை மாதமாக அவள் ராத்திரியும் பகலும் மனத்தில் ஓட்டிப் பார்த்த ஒரு வாக்கியம் அவர் காதிலேயே விழவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் படிக்கட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டேன். பெரியவர் அறைக்குள் போய்ச் சாக்பீஸை எடுத்து, பட்டியலின் அடியில் வேப்பமர வீடு என்று எழுதிவிட்டு வந்தார். கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பஸ் கிளம்புவதற்கு முன் அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். "வர்ற வியாழக்கிழமை என் வீட்டு முறை. நீங்களும் வரணும்" என்றாள். சிரிக்கவில்லை.

"போ. உனக்கு இருக்கு" என்றான் ரயில்வேக்காரன் வழியில். எனக்கும் அதுதான் தோன்றியது. தட்டை வைத்துவிட்டு டிரைவரிடம் சொன்னதைவிட எனக்குச் சூடாக ஏதாவது வைத்திருப்பாள். அந்தச் சூடு எனக்கு வேண்டியிருந்தது. நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டால் அப்புறம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்து மாலை பஸ்ஸில் போனேன். டிரைவரும் கண்டக்டரும் கைகால் கழுவிவிட்டு அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள், நான் அவர்களுக்குப் பக்கத்தில். சோள ரொட்டி, கீரை போட்ட பருப்பு, பச்சைமிளகாய்த் தொக்கு. அவள் கணவன் தண்ணீர் ஊற்றினான். அவள் ஒவ்வொரு தட்டாக இரண்டு கையாலும் பிடித்து வைத்தாள். நான் காத்திருந்தேன்.

"உப்பு சரியா இருக்கா அண்ணா?" என்று டிரைவரைக் கேட்டாள்.

"இருக்கும்மா" என்றார் அவர்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். "உறைப்பு அதிகமா இல்லையே?" பிறகு கண்டக்டரிடம், விசிறி சத்தம் போடுகிறதா, பானைத் தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று. பிறகு என்னிடம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "ஏதாவது குறை இருந்தா சொல்லிடுங்க மேடம்" என்றாள். நான் ஒன்றுமில்லை என்றேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன், திட்டவில்லை.

அன்று அவள் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். விடிகாலையில் நான் கண் விழித்தபோது அவள் வீட்டில் இல்லை. பதறி எழுந்து பஸ்ஸுக்குப் போனேன். மணி நாலரை. டிரைவர் இன்னும் அறையிலிருந்து வரவில்லை. விளக்கு போடாத பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு சீக்கிரம் ஏன் என்று கேட்டேன்.

"நம்மால வண்டி நிக்க வேண்டாம்னுதான்" என்றாள்.

பஸ் நான்கு ஐம்பதுக்குச் சரியாகக் கிளம்பியது. அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். பட்டான்செரு வரும்வரை தூங்கவில்லை.